ஃபிரூஸின் தாடி

இஸ்தான்புல்லில் சுல்தானின் உயர் அதிகாரியான ஒரு பாஷா இருந்தார். ஆள் பெரிய ஆள், தாடி அதைவிடப் பெரிசு. அதைப் புகழ்ந்து பாடுவதற்கென்றே அவர் மாளிகையில் கவிஞர்கள் கூடுவார்கள். அவர்கள் பாட்டில் பாஷாவின் கறுப்புத் தாடி இரவு, புகை, எறும்புக் கூட்டம். இளைஞன் கன்னத்தில் புதிதாக முளைக்கிற தாடியோ வசந்தகாலப் புல். வேறென்ன தெரியும் அவர்களுக்கு?

அங்கே காபி ஊற்றுகிற அடிமை ஃபிரூஸ். மீசை அரும்பும் முன்பே விலைக்கு வாங்கப்பட்டவன், இப்போது கிழவன். அடிமைக்குத் தாடி கூடாது என்பதால் தினமும் மழித்துவிடுவார்கள்.

ஒருநாள் பழைய உவமைகளையே கேட்டுச் சலித்துப்போன பாஷா கத்தினார்.

"அடேய் ஃபிரூஸ்! என் தாடிக்கு இதுவரை எவனும் சொல்லாத உவமை ஒன்று சொல். சொன்னால் நீயும் தாடி வளர்க்கலாம், இது என் தாடிமேல் சத்தியம். சொல்லாவிட்டால் சவுக்கடி!"

கவிஞர்கள் சிரித்தார்கள். ஃபிரூஸ் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எஜமான், உங்கள் தாடி என் தாடி மாதிரி இருக்கிறது."

"உனக்குத்தான் தாடியே இல்லையே!"

"என் முகத்தில் வளர வேண்டியதெல்லாம் உங்கள் முகத்தில்தானே வளர்ந்திருக்கிறது?"

சிரிப்பு நின்றது. இப்படி ஓர் உவமையை அங்கே எந்தக் கவிஞரும் சொன்னதில்லை. தாடிமேல் சத்தியம் செய்தவர் என்ன செய்வார்? மழிப்பதை நிறுத்தச் சொன்னார்.

கொஞ்ச நாளில் தாடி முளைத்தது. அதில் ஒரு கறுப்பு முடிகூட இல்லை.

பாஷா வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னடா இது, முகத்தில் பனி கொட்டியிருக்கிறதா?"

"வசந்தம்தான், எஜமான்" என்றான் ஃபிரூஸ். "அது வந்து சேர்வதற்குள் என் ஆயுளே முடிந்துவிட்டது."