பக்கத்துத் தட்டு

ரத்த அணுக்களைத் தட்டில் வளர்த்து நோயைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக்கூடம் அது. குரு ரஹீமாவுக்கு வயது முப்பத்தாறு. சீடர் டாக்டர் அருள்தாசுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் என்ன படிப்பு என்று வீட்டில் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரஹீமாவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த நோயாளியின் ரத்தம் வந்தாலும் தன் கையிலிருந்தும் கொஞ்சம் எடுக்கச் சொல்வார். இரண்டையும் தனித்தனித் தட்டில் விதைத்து, ஒரே சூட்டுப் பெட்டியில் அருகருகே வைப்பார்.

"ஒவ்வொரு தடவையுமா மேடம்? போன தடவைதான் உங்க ரத்தம் நல்லா வளர்ந்துச்சே."

"எடுங்க சார்," என்று கையை நீட்டினார் ரஹீமா. அவ்வளவுதான் பதில்.

அவர் விடுப்பில் இருந்தபோது அனுசியாவின் ரத்தம் வந்தது. எட்டு வயதுச் சிறுமி, சோகையில் வெளுத்திருந்தாள். அவள் எலும்பு மஜ்ஜைக்கு ரத்தம் உண்டாக்கும் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று அங்கே இன்னொரு கை என்றால் அருள்தாசின் கைதான். ஊரார் கையிலெல்லாம் ஊசி குத்தியவர், தனக்கு ஊசி என்றால் காத தூரம் ஓடுவார். ஒரு தடவை விட்டால் என்ன என்று சிறுமியின் தட்டை மட்டும் உள்ளே வைத்தார்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை.

"மஜ்ஜை வேலை செய்யல மேடம்," என்றார், திரும்பி வந்த ரஹீமாவிடம். "மாற்று மஜ்ஜைக்கு ஆள் தேடணும்னு அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?" அவருக்கும் மகள் உண்டு.

ரஹீமா தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

"பக்கத்துத் தட்டுல யார் ரத்தம் இருந்துச்சு?"

"யாரோடதும் இல்ல."

"அப்ப கெட்டது இவ ரத்தமா, தட்டுல நாம ஊத்தின சத்து நீரா, நம்ம பெட்டியா? பக்கத்துல நல்ல ரத்தம் ஒண்ணு முளைச்சிருந்தாத்தானே தெரியும்?"

அருள்தாசுக்குச் சுரீரென்றது. வாய்வரை வந்த சாக்கை விழுங்கிவிட்டு, "எனக்கு ஊசின்னா பயம் மேடம்," என்றார்.

ரஹீமா கோபப்படவில்லை. "அவளுக்கும்தான். வாங்க, போய்க் கேட்போம்."

வெளியே மகளோடு காத்திருந்த பேச்சித்தாய் எழுந்து நின்றாள். அருள்தாசே பேசினார். "தப்பு என்னோடதும்மா. பாப்பாவுக்கு இன்னொரு தரம் ரத்தம் எடுக்கணும்."

"கெட்ட சேதியா சார்?"

"இன்னும் எந்தச் சேதியும் இல்லம்மா."

அனுசியா விசும்பிக்கொண்டே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பாவம், அந்தக் கையில் குத்தாத இடம் இல்லை.

அருள்தாஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்தார்.

"முதல்ல எனக்கு எடுங்க மேடம்."

ஊசி இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். சிறுமி அழுகையை மறந்து அவரையே பார்த்தாள்.

"இந்தத் தாத்தாவுக்கும் சீக்கா?"

அருள்தாஸ் குருவைப் பார்த்தார்.

ரஹீமா சிறுமியின் கையை மெதுவாக முன்னால் எடுத்தார்.

"இல்ல கண்ணு. உன் ரத்தம் தனியாப் போக வேண்டாம்னு துணைக்கு வர்றார்."