விற்ற வீட்டுக்கு வந்தவள்

வீடு பார்த்துக் கொடுக்கும் இசக்கியம்மாளுக்கு ஒரே ஒரு சீடர். சீடர் என்றதும் காலில் விழுந்து கிடக்கிற ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. பேச்சிமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயதில் அவளைவிட மூத்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளைத் தாயி என்பார். தென்காசிப் பக்கம் அந்தச் சின்ன ஊரில் இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கட்டுமே. தொழில் தெரிந்தவரிடம்தானே தொழில் கற்க முடியும்.

அவள் கற்றுக்கொடுத்தது எல்லாம் சாதாரண விஷயம். வீட்டை மழையில் போய்ப் பார். புதிதாக வெள்ளை அடித்த சுவரில் மயங்காதே, பீரோவை நகர்த்தச் சொல்லி அதன் பின்னால் இருக்கும் சுவரைப் பார். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று நின்று கவனி. விற்கிறவரைக் குடைந்து குடைந்து கேட்காதே, பக்கத்து வீட்டில் குடிக்க ஒரு வாய் தண்ணீர் கேள், எல்லாக் கதையும் தானாக வரும்.

இவ்வளவும் தெரிந்த தைரியத்தில் பேச்சிமுத்து தனக்கென்று ஒரு வீட்டைத் தானே பார்த்து, தானே பேசி, தானே முடித்தார். குருவிடம் மூச்சு விடவில்லை. முடித்த பிறகு சொல்லி அசத்தலாம் என்று இருந்தார். மனுஷ ஆசைதான்.

பால் காய்ச்சிக் குடிபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் பத்திர ஆபீஸ் எதிரே இருக்கும் டீக்கடையில் இசக்கியம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகம், கண்ணெல்லாம் சிவப்பு.

"தாயி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"வீடு வாங்கியாச்சு. பத்திரம் என் பேர்ல இருக்கு. பால் காய்ச்சியாச்சு, குடியும் போயாச்சு. இதுக்கு மேலயும் அது நம்ம வீடா ஆகலைன்னா, பிறகு எப்பத்தான் ஆகும்?"

இசக்கியம்மாள் கிளாஸைக் கீழே வைத்தாள். "என்ன நடக்கு, சொல்லுங்க."

அவர் சொன்னார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் கேட்டின் கொண்டி தூக்குகிற சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. கொஞ்சம் கழித்துப் புறவாசல் குழாயில் தண்ணீர் விழுகிறது, நிற்கிறது. பிறகு ஈரக் கால்தடம் அடுக்களைக்குள் வருகிறது. பொம்பளைக் கால், சின்னக் கால். நேராகக் கிழக்குச் சுவர் வரைக்கும் போய் அங்கே நின்றுவிடுகிறது.

"கிழக்குச் சுவத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. முன்னால அடுப்பு மேடை இருந்துச்சு. இடிச்சுட்டு ஜன்னல் பக்கம் மாத்திக் கட்டினோம்."

"மதினி என்ன சொல்லுதாங்க?"

மதினி என்று அவள் கேட்டது பேச்சிமுத்துவின் மனைவி உலகம்மாளை.

"பொழுது சாயறதுக்கு முன்னாலயே சமைச்சு முடிச்சுட்டு அடுக்களையைக் காலி பண்ணிக் குடுத்துருதா தாயி. யாரோ வாராங்க, அவங்க சமைக்கணும்லாங்கா. வாசல் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. டீவி போடுன்னா, போடலாமான்னு கேக்கா. யாரைக் கேக்கா? சொந்த வீட்டுல வேத்தாள் மாதிரி இருக்கேன், நான் மதுரைக்கு என் தம்பி வீட்டுக்குப் போறேன், நீங்க உங்க வீட்டைக் கட்டிக்கிட்டு அழுங்கன்னுட்டா. நாளைக்குச் சாயங்காலம் பஸ். போனா திரும்ப மாட்டா, எனக்கு அவளைத் தெரியும். அவ இல்லாத வீட்டை நான் என்ன செய்ய?"

"அந்த வீட்டுல யாரும் செத்தாங்களா?"

"அதான் நீங்க சொன்ன மாதிரி அக்கம்பக்கம் பூரா கேட்டேனே. ஒரு சாவு கிடையாது. எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன், ஐயரைக் கூப்பிட்டு ஹோமம் பண்ணினேன். செத்தவங்க யாருமே இல்லாம எங்கேயிருந்து பேய் வரும்?"

"செத்தவங்கதான் வரணும்னு யாரு சொன்னா?"

பேச்சிமுத்து டீ சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தார்.

"வீட்டை வித்தது யாரு?"

"செண்பகம்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் தவறிட்டாரு. அதுவும் ஆஸ்பத்திரியில. இப்ப மக வீட்டுல இருக்காங்க, சங்கரன்கோவில்ல."

"அவங்க சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்போது நீங்க கூட நின்னியளா?"

"இல்லையே. பால் காய்ச்சுக்குப் பந்தல்காரனைப் பார்க்கப் போயிருந்தேன். அதுக்கு நான் எதுக்கு?"

இசக்கியம்மாள் அவரையே பார்த்தாள். "இதை மட்டும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கல. இன்னைக்கே போவோம், வாங்க."

மத்தியான பஸ்ஸில் போனார்கள். செண்பகம் நல்ல மனுஷி. கண்டதும் வாய் நிறைய வரவேற்றாள், காபி போட்டாள், புது வீட்டில் எல்லாம் சௌகரியமா என்று விசாரித்தாள். விற்ற வீட்டைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. பேச்சிமுத்துவுக்கு, வீண் அலைச்சலோ என்று தோன்றிவிட்டது.

வெயில் தணிந்தது. தெரு முனைக் கோவிலில் மணி அடித்தார்கள்.

செண்பகம் முருங்கைக்காய் விலை பற்றி எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கண் திறந்தே இருந்தது. டம்ளர் கையில் சாய்ந்தது. மகள் ஓடி வந்து அதை வாங்கி வைத்தாள்.

"விளக்கு வைக்கிற நேரம் ஆச்சுல்ல" என்றாள் மகள். "இனி கொஞ்ச நேரத்துக்குக் கூப்பிட்டா கேக்காது. இங்க வந்த நாள்லருந்து இப்படித்தான். டாக்டர் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துட்டாரு, ஒண்ணுமில்லங்காரு."

"அண்ணாச்சி, மதினிக்குப் போன் போடுங்க" என்றாள் இசக்கியம்மாள். "ஸ்பீக்கர்ல போடுங்க."

உலகம்மாள் உடனே எடுத்தாள். குரல் கிசுகிசுவென்று வந்தது. "ஏங்க, எங்க போய்த் தொலைஞ்சீங்க? நான் ஒத்தையில இருக்கேன்."

"உலகு, பயப்படாத. அங்க என்ன?"

"இன்னும் ஒண்ணும் இல்ல. இருங்க... இந்தா, கேட்டு."

நாற்காலியில் இருந்த செண்பகத்தின் வலது கை உயர்ந்தது. ஒரு கொண்டியைத் தூக்கி, மறுபடி போட்டது. அங்கே கொண்டியும் இல்லை, கேட்டும் இல்லை.

"குழாய்ல தண்ணி விழுது" என்றது போன்.

மகள் வீட்டு மொசைக் தரையில் செண்பகத்தின் பாதத்தைச் சுற்றி ஈரம் பரவியது. பேச்சிமுத்து காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். மகள் ஒரு பழந்துணியை எடுத்து வந்து, தினமும் செய்கிற வேலை மாதிரி, அம்மாவின் காலைத் துடைத்தாள்.

செண்பகம் தலையைத் திருப்பினாள். வெறும் சுவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "அடுப்பு எங்க?"

போனில் உலகம்மாள் சொன்னாள். "ஏங்க, அடுப்பு எங்கன்னு யாரோ கேக்காங்க. பதில் சொல்லணுமா?"

பேச்சிமுத்து போனை மடியில் நழுவவிட்டார்.

செண்பகம் இப்போது வேறு பக்கம் பார்த்தாள். முகத்தில் இரக்கம் வந்தது. "அந்தப் பிள்ளை ஏன் வாசல்லயே உக்காந்திருக்கு, பாவம்" என்றாள்.

இருட்டி, தெருவிளக்கு எரிந்த பிறகுதான் அவளுக்கு நினைவு திரும்பியது. முருங்கைக்காய்ப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். இசக்கியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வீட்டை விட்டுக் கிளம்பின அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"யாருகிட்ட?"

"வீட்டுகிட்ட."

செண்பகத்துக்குக் கண் கலங்கியது. "எல்லாரும் சொல்லுறதுதான். வாசல் நிலையைத் தொட்டுக் கும்பிட்டேன். போயிட்டு வாரேன்னு சொன்னேன்."



"சொன்ன சொல்லைக் காப்பாத்திக்கிட்டு இருக்கீங்க" என்றாள் இசக்கியம்மாள்.

செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தினமும் அந்த நேரம் எங்கே போகிறேன் என்று தெரியவில்லை என்றாள். கால் வலிக்கிறது என்றாள். ஒருநாள் பேத்தியைத் தூக்கி வைத்திருந்தபோதே இப்படி ஆகி, நல்லவேளை பிள்ளை கட்டிலில் விழுந்தது என்றாள். "எனக்கும் இது வேண்டாம் தாயி. ஆனா வேற என்னத்தைச் சொல்லட்டும்?"

"போறேன்னு சொல்லணும்."

"சீ, அது வாயில வர்ற வார்த்தையா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. நம்மில் யார் அந்த வார்த்தையைச் சொல்லி ஒரு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறோம்? தெருமுனைக் கடைக்குப் போனாலும் போயிட்டு வாரேன்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது நோயாளிகூட அதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறான்.

"நாளைக்குக் காலையில வந்து சொல்லிருங்க" என்றாள் இசக்கியம்மாள். "உங்களுக்கும் நல்லது, வாசல்ல உக்காந்திருக்கிற அந்தப் பிள்ளைக்கும் நல்லது."

மறுநாள் செண்பகத்தை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டிய பெட்டியோடு உலகம்மாள் வாசல் ஸ்டூலில் இருந்தாள். வந்தவளின் முகத்தை அவள் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். சின்னக் கால். பார்த்ததும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டாள்.

இசக்கியம்மாள் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொன்னாள். "அக்கா ஒருதரம் சுத்திப் பார்ப்பாங்க. பிறகு நிலையைத் தொட்டு அந்த வார்த்தையைச் சொல்லுவாங்க. குறுக்கே ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது."

செண்பகம் உள்ளே நடந்தாள். கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சைப் பார்க்காமலே அவள் கை போட்டது. ஸ்டோர் ரூம் படி மற்றதைவிடக் கொஞ்சம் உயரம், அதில் அவள் கால் தடுக்கவில்லை. பேச்சிமுத்து அந்தப் படியில் தினமும் இடித்துக்கொள்கிறவர். ஹாலில் நடந்தவளின் காலடி கேட்கவே இல்லை. பகல் வெளிச்சத்தில், உயிரோடு, கண்ணெதிரே போகிற மனுஷியைப் பார்த்து அவருக்கு முதுகு சில்லிட்டது.

அடுக்களையில் ஜன்னலோரம் இருந்த புது மேடையைச் செண்பகம் தடவினாள். "இங்கயா மாத்தினீங்க? அதான் கிடைக்கல" என்றாள். பிறகு, "நல்ல வெளிச்சம்" என்றாள்.

உலகம்மாள் தயங்கித் தயங்கி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். செண்பகம் அண்ணாந்து குடித்தாள். செம்பைத் திருப்பித் தரும்போது ரெண்டு பேர் விரலும் பட்டது. உலகம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வாசலுக்கு வந்தார்கள். செண்பகம் படிக்கு வெளியே நின்று நிலையைத் தொட்டாள். உள்பக்கம் உலகம்மாள் நின்றாள். செண்பகத்தின் வாய் திறந்தது, மூடியது. நெற்றி வேர்த்தது. மரத்தைப் பிடித்திருந்த விரல் வெளுத்துப்போனது. இந்தச் சொல்லோடு தன் கல்யாணம், பிரசவம், வீட்டுக்காரர் எல்லாமே முடிந்துவிடும் என்று அவள் பயந்தது பார்க்கிறவர்களுக்கே தெரிந்தது.

"போ..." என்றாள். மூச்சு வாங்கினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "போறேன்" என்றாள்.

"ஐய, என்னக்கா இது?" என்றாள் உலகம்மாள். "போறேன்னா சொல்லுவாங்க? போயிட்டு வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

செண்பகம் கண்ணைத் திறந்தாள். நிலையிலிருந்து கையை எடுத்தாள். இந்த முறை மரத்தைப் பார்க்கவில்லை, உலகம்மாளைப் பார்த்தாள்.

"சரிம்மா. போயிட்டு வாரேன்" என்றாள்.

ஆட்டோ போய்விட்டது. உலகம்மாள் கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே திரும்பி, "தாயி, மத்தியானம் ஆகப்போவுது, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. உலை வைக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். பெட்டி ஸ்டூல் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

பேச்சிமுத்து குருவிடம் வந்தார். அழுகிற குரலில் பேசினார்.

"பாவி, கடைசி நிமிஷத்துல கெடுத்துட்டாளே தாயி. அவங்களே கஷ்டப்பட்டுச் சொல்லிட்டாங்க, இவ திரும்பக் கூப்பிட்டுட்டா. சாயங்காலம் மறுபடியும் வருவாங்கல்ல?"

உள்ளே அரிசி களைகிற சத்தம் கேட்டது.

"வருவாங்க" என்றாள் இசக்கியம்மாள். "இனிமே கதவைத் தட்டிட்டு வருவாங்க."