பொந்துக்குள் கிடந்த பதில்

ஒரு காட்டில், குளக்கரை மருத மரத்தடியில் விலங்குகள் தினமும் காலையில் கூடும். ஒன்றுக்குத் தெரியாததை இன்னொன்று சொல்லித் தரும். கேள்வியையும் பதிலையும் தேக்கிலையில் முள்ளால் கீறி மரத்தில் மாட்டி வைப்பார்கள். அன்று வராதவர்களும் பிறகு வந்து படிக்கலாம்.

மாட்டும் பொறுப்பு சடையன் என்ற குரங்குக்கு. எல்லோர் கண்ணிலும் படுகிற தாழ்ந்த கிளையில் இடம் கொஞ்சம்தான். எதைப் படித்துச் சிரிக்கிறார்களோ, அதைத்தான் சடையன் அங்கே மாட்டும். மற்றதையெல்லாம் மரப்பொந்தில் திணித்துவிடும். கரடி தேன்கூட்டில் மூக்கை விட்ட கதை இரண்டு மாதம் அங்கேயே தொங்கியது. கீழே சிரிப்புச் சத்தம் கேட்டால், தன்னையே பாராட்டுவது போல சடையனுக்கு மனம் குளிர்ந்துவிடும்.

அந்த வருஷம் மழை இல்லை. குளம் வற்றிப்போனது. செவ்வி என்ற பெண்மான் தன் குட்டியோடு வந்து, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டது. சடையன் அப்போது நரியும் மயிலும் போட்ட சண்டையை மாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பற்றி முன்பு யாரோ ஏதோ எழுதிய ஞாபகம் லேசாக வந்தது. ஆனால் பொந்தில் தேட அலுப்பாக இருந்தது.

“தெற்குப் பள்ளத்தில் கொஞ்சம் கிடக்கிறதே, அங்கே போ” என்றது, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

செவ்வி போனது. இருந்த தண்ணீரைக் குட்டிக்கே விட்டுக்கொடுத்தது. சாயங்காலம் குட்டிக்கு வயிறு ஊதியது. மறுநாள் செத்துப்போனது.

மூன்றாம் நாள் செவ்வி மரத்தடிக்கு வந்தது. அழவில்லை. “அந்தத் தண்ணீர் ஆகாது என்று இங்கே ஒருவருக்குமா தெரியாது?” என்று மட்டும் கேட்டது.

அன்றுதான் வந்திருந்த கிழட்டு முள்ளம்பன்றி தயங்கித் தயங்கிப் பேசியது. போன வறட்சியில் தானும் எறும்புதின்னியான அழுங்கும் நாலு நாள் அலைந்து, எந்தத் தண்ணீர் நல்லது, எது ஆகாது என்று கண்டுபிடித்ததாகச் சொன்னது. இரண்டு இலைகளில் கீறிச் சடையனிடம் கொடுத்ததாகவும் சொன்னது. அழுங்கு இறந்துவிட்டது. நல்ல தண்ணீர் இருந்த இடம் தனக்கு மறந்துபோய்விட்டது என்றது.

எல்லோரும் சடையனைப் பார்த்தார்கள். அது பொந்துக்கு ஏறியது.

அடியில் அந்த இலைகள் கிடந்தன. முதல் இலையில், தெற்குப் பள்ளத்து நீர் விஷம், வயிறு ஊதும் என்று இருந்தது. இரண்டாவதில், வட ஓடை வளைவில் நாணலுக்கு அடியில் முழ ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் என்று இருந்தது. இரண்டின் ஓரத்திலும் சடையனின் நகக்குறி. படித்து முடித்ததும் அது போட்டு வைக்கும் குறி.

முதல் இலையைக் கரையான் பாதி அரித்திருந்தது. மீதியையும் கசக்கிப் போட்டுவிட்டு, கரையான் தின்றுவிட்டது என்று சொல்லி இரண்டாவதை மட்டும் கொண்டுபோனால், விஷம் என்று தான் படித்திருந்தது யாருக்கும் தெரியாது. சடையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. கசக்கக் கை வரவில்லை.

இறங்கி வந்து இரண்டையும் உரக்கப் படித்தது. பிறகு, “செவ்வி, இது என்னிடம்தான் இருந்தது. நான் படித்தும் இருக்கிறேன். யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று உள்ளே போட்டுவிட்டேன்” என்றது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சடையனுக்கு. செவ்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு வட ஓடைப் பக்கம் நடந்தது. மற்றவர்களும் பின்னால் போய்த் தோண்டினார்கள். தண்ணீர் ஊறியது. எல்லோரும் குடித்தார்கள். சடையன் மட்டும் தள்ளி நின்றது.

மறுநாளிலிருந்து அது பொந்தைக் காலி செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு இலையாகத் தூசி தட்டிப் படித்து, உயிருக்கு உதவுகிறதைத் தாழ்ந்த கிளையில் மாட்டியது. மரத்தடிக் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. செவ்வி வரும், படிக்கும், பேசாமல் போகும். அது போகும்வரை சடையன் தலை நிமிராது.

பிறர் பாடுபட்டுக் கண்டு சொன்னதைத் தேவைப்படுகிறவர் கண்ணில் படாமல் புதைத்து வைப்பவர், பிறகு எத்தனை தோண்டி எடுத்தாலும் தலைகுனிந்தே நிற்க வேண்டியிருக்கும்.