கடைசி இலைக்குப் பாயசம்

திருச்செங்கோட்டுக் கார் பட்டறையில் சடையாண்டிக்கு எஞ்சின்தான் பேச்சுத்துணை. ஆயுதபூசைப் பந்தியிலும் அவனுக்குக் கடைசி இலைதான். அவன் பக்கத்தில் யாரும் உட்காராமல் அடுத்த இலை காலியாகவே கிடக்கும்.

முதலாளி தயாபரன் தானே வரைந்த மேனிபோல்டு ஒன்றைத் தன் காரில் மாட்டினார். நாலு சிலிண்டருக்கும் காற்றைப் பங்கு வைக்கிற குழாய் அது. மாட்டிய நாளிலிருந்து வண்டி மேடு ஏறவில்லை.

"எஞ்சினைப் பிரிக்காமக் கோளாறைச் சொல்லு. என் குழாயைக் குறை சொன்னே, நாளைக்கு வேலைக்கு வராதே."

சடையாண்டி எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். "குறை பந்தியிலதானுங்க முதலாளி. கடைசி இலைக்குப் பாயசம் வரலீங்க."

"எஞ்சின்ல ஏதுடா பாயசம்?"

ஓடுகிற எஞ்சினில் முதல் பிளக் வயரைத் துணி சுற்றிக் கழற்றினான், வண்டி குலுங்கியது. அதை மாட்டிவிட்டு நாலாவதைக் கழற்றினான்; ஒரு மாற்றமும் இல்லை, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை.

"காத்து ஒரு ஓரமா நுழையுதுங்க. முன்னால இருக்கறவங்களே வழிச்சுக்கறாங்க. வாசலை நடுவுல வச்சா எல்லாருக்கும் வருமுங்க."

"இதை எங்கேடா படிச்சே?"

"பன்னெண்டு வருசமா கடைசி இலையிலதானுங்க உக்காந்திருக்கேன்."

வாசல் நடுவுக்கு வந்தது. வண்டி கோயில் மலையில் ஏறியது. அடுத்த பூசையில் பாயச வாளி கடைசி இலையிலிருந்து புறப்பட்டது. பக்கத்து இலை மட்டும் அன்றும் காலிதான்.