கிட்டார் குமிழில் ஒரு சிவப்புப் பொட்டு

சீடனுக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு இருபத்தொன்பது. எங்கோ இடிக்கிறதே என்று தோன்றினால், தேவநேசனுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் வேறு போக்கிடம் இல்லாமல்தான் அவர் பர்வீனிடம் போனார்.

திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடமாகக் கிட்டார் வாசிப்பவர் தேவநேசன். அவர் மனைவி லில்லி அதே குழுவின் பாடகி. கல்யாண வரவேற்போ, கோயில் திருவிழாவோ, மேடையின் இடது ஓரத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். பர்வீன் கூட்டத்துக்குப் பின்னால், மிக்சர் மேஜையில் உட்கார்ந்திருப்பாள். யாருடைய சத்தம் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்பது அவள் விரலில் இருந்தது. அதிகம் பேசமாட்டாள். காதில் எப்போதும் ஹெட்போன்.

குழுத் தலைவர் சந்தானம் ஒருநாள் டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டார். பாட்டு முழுக்க உங்கள் கிட்டார்தான் மண்டையைப் பிளக்கிறது, தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தால் மட்டும் ஒன்றும் எடுபடவில்லை, அடுத்த நிகழ்ச்சியிலும் இதே கதை என்றால் கிட்டார் வேலையை என் கீபோர்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் கிட்டார் வந்துவிடுகிறது. அதற்கு வேனில் இடம் விட வேண்டாம்.

தேவநேசன் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கிட்டாரை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகைக்கு மற்றவர்களுக்கு முன்னால் போய்ப் பர்வீனின் மேஜை அருகே நின்றார். அதுவரை அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருந்தார். அன்று எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு செருமல் மட்டும் செருமினார்.

"என் சோலோ வெளிய தெரியணும்மா. அதுக்கு என்ன செய்யணும்?"

பர்வீன் எழுந்து தன் நாற்காலியை அவருக்கு விட்டாள்.

"உட்காருங்கண்ணே. இன்னைக்கு நீங்க மிக்சர் பாருங்க. யார் என்ன கேட்டாலும் குடுத்துருங்க."

ஒத்திகை ஆரம்பித்தது. டிரம்ஸ் வாசிப்பவர் தன்னைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். தேவநேசன் ஏற்றினார். உடனே பேஸ் கிட்டார்க்காரருக்குத் தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை. அவரையும் ஏற்றினார். தபேலா கை காட்டியது. சந்தானம் புருவத்தைத் தூக்கினார். இறக்குங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது பாட்டில் ஏற்றி இறக்கும் பொத்தான்கள் எல்லாம் உச்சியில் போய் இடித்துக்கொண்டு நின்றன. ஸ்பீக்கர் ஊளையிட்டது. லில்லி காதைப் பொத்திக்கொண்டாள்.

பர்வீன் குனிந்து அத்தனையையும் ஒரே இழுப்பில் கீழே கொண்டுவந்தாள்.

"இதுல உங்க கிட்டாரை எங்கண்ணே ஏத்துறது?"

தேவநேசன் அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தான் செய்தது என்ன என்று அங்கே வரிசையாக நின்றது. அவமானமாக இருந்தது.

பிறகு அவள் சொன்னது கொஞ்சம்தான். பாட்டு நடக்கும்போது கிட்டாரின் வால்யூம் பாதியில் இருக்க வேண்டும். தனி வாசிப்பு வரும்போது முழுசாகத் திறக்க வேண்டும். முடிந்த அந்த நொடியே மறுபடி பாதிக்கு வந்துவிட வேண்டும். நீங்கள் இறங்கினால் மற்றவர்களும் தன்னால் இறங்குவார்கள், அவர்களிடம் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை என்றாள். பாடகி பாடும்போது அதே மெட்டைக் கூடவே சத்தமாக வாசிக்கும் பழக்கத்தையும் விடச் சொன்னாள். அது அவருடைய இரண்டு வருடப் பழக்கம்.

கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டாள்.

"லில்லி அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ங்கண்ணே."

கேட்க என்ன இருக்கிறது என்று தேவநேசன் நினைத்தார். ஆனால் குரு வாக்கு. வீட்டுக்குப் போனதும் லில்லியிடம் விஷயத்தைச் சொல்லி, அவள் நகப்பாலிஷை வாங்கி, கிட்டாரின் வால்யூம் குமிழில் பாதி வரும் இடத்தில் ஒரு பொட்டு வைக்கப் பார்த்தார். பாலிஷ் வழிந்தது. லில்லிதான் வாங்கி வைத்தாள். சிவப்பு.

பாட்டு முழுக்க இதற்குக் கீழேதான் இருக்க வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்றார். மேல் ஸ்தாயி வரும் இடத்திலுமா என்றாள். அங்கேதான் முக்கியமாக என்றார். நகப்பாலிஷ் காயும்வரை அவள் அதை ஊதிக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி ஒரு நூற்பாலையின் ஆண்டு விழா, ஆலையின் கொட்டகையில். மதியம் மூன்று மணி. காலை ஷிப்ட் முடித்தவர்கள் தலையில் பஞ்சோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரியாணி சாப்பிட்ட களைப்பு எல்லார் முகத்திலும் இருந்தது.

முதல் பாட்டில் தேவநேசன் பொட்டைத் தாண்டவில்லை. கை குறுகுறுத்தது. தாண்டவில்லை. இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் தானாகத் தணிந்தது. பேஸ் தணிந்தது. மேடையில் காற்று வந்ததுபோல் இருந்தது அவருக்கு.

பல்லவி முடிந்ததும் லில்லி மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தி அவர் பக்கம் திரும்பினாள். ஏத்துங்க என்றாள். அவர் புன்னகையோடு தலையை ஆட்டி, குமிழின் பொட்டைத் தொட்டுக் காட்டினார். முதல் சரணம் தொடங்குமுன் மறுபடி திரும்பினாள். அதற்கும் அதே புன்னகை. இத்தனை நாள் அவள் ஏத்துங்க ஏத்துங்க என்று சொன்னதெல்லாம் தன் வாசிப்பின்மேல் உள்ள ஆசை என்று அவர் எண்ணியிருந்தார். பாவம், இவளுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். புதிதாக ஞானம் வந்தவர்களுக்கு வருகிற நினைப்பு அது.

தனி வாசிப்பு வந்தது. குமிழை முழுசாகத் திருப்பினார். குழு அவருக்குக் கீழே அடங்கி நின்றது. பதினாறு தாளச் சுற்று. ஒவ்வொரு சுரமும் அந்தக் கொட்டகையின் கடைசி வரிசைவரை போனது. களைத்துக் கிடந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவன் விசிலடித்தான், பிறகு கொட்டகையே கைதட்டியது. இருபத்திரண்டு வருடத்தில் தன் கிட்டாருக்கென்று அவர் கேட்ட முதல் கைதட்டல். கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடும் விதியை மறக்கவில்லை. அந்த நொடியே பொட்டுக்கு இறங்கினார். லில்லி மூன்றாவது முறை திரும்பி என்னவோ சொன்னாள். அவர் காதில் கைதட்டல்தான் இருந்தது.

இரண்டாவது சரணத்தின் மேல் ஸ்தாயி வரி. லில்லி தலையைப் பின்னால் சாய்த்து எடுத்தாள். குரல் ஏறவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. அடுத்த சொல்லில் சுருதி விலகியது, அதற்கடுத்த சொல் உடைந்தது. அவள் நிறுத்தாமல் பாடினாள். மூடுவதற்கு அங்கே எந்தச் சத்தமும் இல்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சந்தானம் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி லில்லியைப் பார்த்தார். ஐந்து மணிக்கு நிகழ்ச்சி முடிகிறவரை அவ்வப்போது பார்த்தபடியே இருந்தார்.

முடிந்ததும் அவர் தேவநேசனின் தோளில் கை போட்டார். இதுதான் வாசிப்பு, இனி உங்கள் இடம் உங்களுக்குத்தான் என்றார். அப்புறம் குரலைத் தணித்து, தங்கச்சிக்கு ரொம்ப நாளாகவே தொண்டை இப்படித்தானா என்று கேட்டார். இத்தனை நாள் கிட்டார் சத்தத்தில் தனக்குத் தெரியாமல் போயிற்று என்றார். அடுத்த மாதத்திலிருந்து ஒட்டன்சத்திரத்துப் பெண் ஒருத்தி பாட வருகிறாள். லில்லி ஓய்வெடுக்கட்டும். மரியாதையாகத்தான் சொன்னார். லில்லி வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

தேவநேசன் மிக்சர் மேஜைக்கு நடந்தார். பர்வீன் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமாத் தெரியும். ஒவ்வொருத்தர் குரலும் எனக்குத் தனித்தனியா கேக்கும்ணே. அக்காவுக்கு எக்கோவைக் கூட்டி வச்சு ஓட்டினேன். மிச்சத்தை உங்க கிட்டார் மூடுச்சு."

"தெரிஞ்சும் எனக்கு ஏன் சொல்லிக் குடுத்த?"

"உங்க சோலோ வெளிய தெரியணும்னு வந்தீங்க."

அவருக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அவ குரல் போச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பர்வீன் சுற்றிய ஒயரைப் பெட்டியில் வைத்தாள். ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

"இன்னைக்கு அக்கா மூணு தடவை சொன்னாங்க. மூணாவது தடவை, என்னால முடியலைங்கன்னு சொன்னாங்க. மைக் தாழ்ந்துதான் இருந்துச்சு, அவ்வளவு தூரத்துல எனக்கே கேட்டுச்சு. பக்கத்துல நின்னது நீங்கண்ணே."