மைனா பள்ளியின் முழு மதிப்பெண்

நூற்றுக்கு நூறு என்று பள்ளி வாசலில் பலகை மாட்டி, அதற்கு மாலையும் போட்டவரே, உம்மைத்தான் கேட்கிறேன். தேர்வு நாளன்று எந்தப் பிள்ளையிடம் "நீ வரவேண்டாம்" என்று சொன்னீர்? வாயைத் திறக்க மாட்டீர், தெரியும். அப்படியே ஓரமாக நின்று கேளும். பிள்ளைகளே, நீங்கள் முன்னால் வந்து உட்காருங்கள். கதை உங்களுக்கு.

ஒரு காட்டில், வெயில் இறங்காத மூங்கில் புதருக்குள், குட்டிகளுக்கு ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. தலைமையாசிரியர் மைனா. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிப் பேசும் மைனா.

ஆபத்தை அறிவதுதான் அங்கே பாடம். மழைக்காலம் முழுவதும் குட்டிகள் பள்ளியிலேயே தங்கும். தாய்மார் உள்ளே போகக் கூடாது. சாயங்காலம் முள்வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

மழை ஓயும்போது காட்டிலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே தேர்வு. நடத்துவது கழுகு. அதன் முகத்தைப் பார்த்தால் குட்டிகள் பயத்தில் ஊமையாகிவிடும். அதனால் கழுகு வேலிக்கு வெளியே ஒரு பாறையில் முதுகைக் காட்டி உட்காரும். பெயர் சொல்லிக் கேள்வி கேட்கும். காதில் விழுந்த பதிலுக்கு மதிப்பெண் போடும். திரும்பிப் பார்க்காது. அதுதான் சட்டம்.

போன வருடம் கிளியின் பள்ளி முதலிடம் வாங்கிவிட்டது. மைனாவுக்கு வயிறு எரிந்தது.

"இந்தப் பன்றிக்குட்டி தவிடனும் எறும்புதின்னிக்குட்டி செதிலியும்தான் என் மானத்தை வாங்குகிறார்கள். கேள்வி கேட்டால் மேகத்தைப் பார்க்கிறார்கள்!" என்று முணுமுணுத்தது.

மழை தொடங்கிய அன்றே இருவரையும் ஓடைக்கு அப்பால் இருந்த பாழ் குகைக்குக் கூட்டிப் போனது. கிழங்கும் எறும்புப் புற்றும் அங்கேயே இருந்தன.

"இங்கேயே கிடக்க வேண்டும். சத்தம் வரக் கூடாது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது."

"ஏன் ஐயா?" என்றான் தவிடன்.

"கேள்வி கேட்காதே. இதுவும் பாடம்தான்."

மற்றக் குட்டிகளிடம், "யாராவது வாயைத் திறந்தால் அவர்களுக்கும் குகைதான்," என்றது. அவை தலையைக் குனிந்துகொண்டன.

அன்று சாயங்காலம் பன்றித் தாய் வேலியோரம் வந்து கத்தினாள். அவளுக்குப் பேச்சே கத்தல்தான்.

"டேய் தவிடா! சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அம்மா!" என்று மூங்கிலுக்குள்ளிருந்து தவிடனின் குரல் வந்தது.

"செதிலி, தூங்கினியா கண்ணு?" என்றாள் எறும்புதின்னித் தாய்.

"தூங்கினேன் அம்மா!"

மழைக்காலம் முழுக்க இப்படியே. குரல் வரும். பிள்ளையின் நிழல்கூட வராது.

தேர்வு நாள் வந்தது. மூங்கில் நுனி தெரியாதபடி மூடுபனி இறங்கியிருந்தது. தாய்மார் வேலியோரம் நெருக்கியடித்து நின்றார்கள். கழுகு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"தவிடன்! குரங்குகள் கூட்டமாகக் கத்தினால் என்ன?"

"சிறுத்தை நடமாடுகிறது, ஐயா!"

"செதிலி! காற்று முதுகில் அடித்தால் என்ன?"

"நம் வாசனை நமக்கு முன்னால் போய்விடும், ஐயா!"

பன்றித் தாய்க்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா அக்கா! என் பிள்ளை வெட்டரிவாள் மாதிரி பதில் சொல்கிறான்!"

எறும்புதின்னித் தாய் சிரிக்கவில்லை. அவள் செதில்கள் ஒவ்வொன்றாக விறைத்தன.

"இத்தனை மழையில் என் பெண் ஒரு தடவைகூட இருமவில்லை. இன்னொன்று கவனித்தியா? உன் பிள்ளையும் என் பெண்ணும் ஒரு தடவைகூட ஒரே நேரத்தில் பேசியதில்லை."

பன்றித் தாயின் பிடரி மயிர் நட்டுக்கொண்டது.

"அதிகாரி ஐயா!" என்று கத்தினாள். "கொசுறாக ஒரு கேள்வி போடுங்கள். என் பிள்ளையும் இவள் பெண்ணும் சேர்ந்து பதில் சொல்லட்டும்."

"சட்டத்தில் இடமில்லை."

"இவ்வளவு கேட்டீர்களே, இன்னொன்று கேட்டால் அலகு தேய்ந்துவிடுமா?"

கழுகு சலித்துக்கொண்டது. "தவிடன், செதிலி! சேர்ந்து சொல்லுங்கள். இது எந்தப் பள்ளி?"



"மைனா பள்ளி, ஐயா," என்றது தவிடனின் குரல்.

"மைனா பள்ளி, ஐயா," என்றது செதிலியின் குரல்.

"ஒன்றாகச் சொல்லச் சொன்னேன்!" என்றாள் பன்றித் தாய்.

"மை… னா… பள்…"

ஒரே சொல்லுக்குள் இரண்டு பிள்ளைகளின் குரலும் மாறி மாறித் துடித்தன, ஒரே தொண்டைக்குள் இருவர் மாட்டிக்கொண்டதுபோல.

பன்றித் தாய் வேலியை முட்டி உடைத்தாள். உள்ளே குட்டிகள் வரிசையாக, அசையாமல் உட்கார்ந்திருந்தன. நடுவில் இரண்டு இடம் காலி. அந்த இடங்களில் வெள்ளைக் காளான் முளைத்திருந்தது. மேலே மூங்கிலில் மைனா மட்டும்.

"பதில்கள் சரி. முழு மதிப்பெண். முதலிடம்," என்றது கழுகு. திரும்பிப் பார்க்காமலே பறந்து போனது.

"என் பிள்ளை எங்கே?"

முயல்குட்டி ஒன்று பேசாமல் ஓடைப் பக்கம் காலை நீட்டியது.

இரண்டு தாய்மாரும் ஓடினார்கள். குகைக்குள் செதிலி சுருண்டு கிடந்தாள்; அவள் தாய் அவளை வாரி எடுத்துக்கொண்டாள். தவிடன் கண் திறந்திருந்தான். அம்மாவைப் பார்த்தான். வாய் மட்டும் அசையவில்லை.

"தவிடா! அம்மாடா!"

"உள்ளேன் ஐயா!"

பதில் பின்னாலிருந்து வந்தது. துரத்திக்கொண்டு வந்த மைனாதான். தானாக வந்துவிட்ட குரலைக் கேட்டதும் அதுவே காலால் தன் அலகை அழுத்திப் பிடித்தது.

பன்றித் தாய் அதன் முன் வந்து நின்றாள். முதல் தடவையாகக் கத்தாமல் பேசினாள்.

"முதலிடத்தை நீயே வைத்துக்கொள், வாத்தியாரே. என் பிள்ளையின் குரலைக் கொடுத்துவிடு."

மைனா தன் குரலில் பேசப் பார்த்தது. தொண்டையைச் செருமியது. மறுபடியும் முயன்றது. வந்தது தவிடனின் அழுகைதான்.

"எப்படிக் கொடுப்பதென்று தெரியலையே, அம்மா!"

"அம்மா என்று சொல்லாதே!" என்றாள் அவள். "இங்கேயே உட்கார். அவன் தப்பாகச் சொன்னாலும் அவன் வாயால் சொல்லட்டும். அதுவரை நானும் நகரமாட்டேன், நீயும் நகரக் கூடாது."

பனி குகைக்குள்ளும் வந்துவிட்டது. அவர்கள் காத்திருந்தார்கள். தவிடனும் செதிலியும் இன்னும் வாய் திறக்கவில்லை.

நீதி: பிள்ளையை ஒளித்து வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பிள்ளையே விலை, ஆகவே ஓரமாக நிற்பவரே, நீர் அனுப்பிவிட்ட ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் இன்றே போய், கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்காரவையும்.