முதல் தோசை

திருப்பூரில் ஓர் ஒற்றை அறை வீட்டில் ஒரு தோசைக்கல் இருந்தது. அதற்கு ஒத்தே வராத ஆள், எதிரே ஜன்னலோரம் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் செல்போன். எப்போது பார்த்தாலும் ஊர்க்கதை.

"அக்கா, சேதி தெரியுமா? நேத்து வீடியோவுல ஒருத்தன் பொண்டாட்டிக்குக் கேக் ஊட்டிவிட்டான். ரஞ்சனி அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா," என்றது போன்.

கல்லுக்குச் சுருக்கென்றது. ரஞ்சனி பனியன் கம்பெனிக்குப் போகிறவள். காலையில் அவள் குளித்து வருவதற்குள் புருஷன் குமரேசன்தான் தோசை சுடுவான். அவள் வரும்போதெல்லாம் அவன் மென்றுகொண்டிருப்பான். அவளுடையது தட்டில் மூடியிருக்கும்.

மறுநாள் அவள் குளிக்கப் போகவில்லை. பையில் துணியை அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஊர்ல புருஷனெல்லாம் ஊட்டி உடறாங்க. நீங்க நான் வர்ற வரைக்குமாச்சும் பொறுக்கறீங்களா? எங்கம்மா ஊட்டுக்கே போறனுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள், முதல் தோசை எனக்கு வேணும்."

"ஐயோ, அது வேண்டாம் புள்ள... கொஞ்சம் பொறு."

"பாத்தீங்களா! அதுக்குக்கூட மனசு வரல!"

"சொல்லேன்யா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கல் கத்தியது. கல் கத்தினால் மனுஷனுக்குக் கேட்குமா? அவன் மாவை ஊற்றினான்.

கல்லை வெட்கம் பிடுங்கித் தின்றது. தோசை பிய்ந்து, சுருண்டு, பாதி ஒட்டிக்கொண்டு வந்தது.

"இதென்னங்க கண்றாவி?"

"ராத்திரி சப்பாத்தி போட்ட கல்லு. முதல் ரெண்டு மூணு இப்படித்தான் வரும். அதை நான் தின்னுட்டா உனக்கு நல்லதா வந்துருமேன்னு..."

அம்மா வீட்டில் சப்பாத்திக்குத் தனிக் கல். ரஞ்சனிக்கு இது எங்கே தெரியும்?

"தினமுமா?"

அவன் தலையாட்டினான்.

"சப்பாத்தி வேண்டாம்னு சொல்லியிருக்கலாமல்லங்க?"

"உனக்கு அதுன்னா உசுராச்சே."

ரஞ்சனி அழுதாள், சிரித்தாள். "எனக்கு வாய்ச்ச மகராசா! நான் கொடுத்து வச்சவளுங்க!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லுக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. ஒருநாளும் தன்னைத் திட்டாமல் சுரண்டித் தின்ற மனுஷன் அல்லவா!

போன் முணுமுணுத்தது: "நான் பொய் சொல்லலையே அக்கா. அவன் ஊட்டினது நிஜம்தானே?"

"நிஜம்தான் தம்பி. அந்தப் பொண்ணும் நல்லா இருக்கட்டும். எங்கேயோ இருக்கறவனைக் காட்டின உனக்கு, எதிர்ல நின்னவன் தெரியலையே."

பையிலிருந்த துணி அலமாரிக்குத் திரும்பியது. மறுநாளும் முதல் தோசை பிய்ந்துதான் வந்தது. "எனக்குங்க!" என்று அவள் இழுக்க, "உடு புள்ள!" என்று அவன் இழுக்க, ஒரே கூச்சல். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, உள்ளே திரும்பித் தன் புருஷனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்:

"நீங்களும் இருக்கீங்களே!"